குழந்தைகளின் ஜீவனாம்சப் பாக்கியைத் தவணையில் தருகிறேன் என்கிறார், கேஸை வாபஸ் வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நானும் பிள்ளைகளின் அப்பாவும் பிரிந்து இருக்கிறோம். அவருக்குக் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. 2023 மார்ச்சில் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவு ஆனது. பெரியவளுக்கு 6,000, சின்னவனுக்கு 4,000, ஆக மாதம் 10,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் தர வேண்டும். எனக்கென்று நான் எதுவும் கேட்கவில்லை, தையல் யூனிட்டுக்குப் போகிறேன், என் வயிற்றுப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் வருஷம் ஒழுங்காக வந்தது. 2024 மார்ச்சிலிருந்து நின்றுபோனது. பட்டறையில் ஆர்டர் இல்லை என்றார், சரி என்று பொறுத்தேன். நடுநடுவே 2,000, 1,500 என்று அக்கவுண்டில் விழும், பாஸ்புக்கில் அப்படி வந்ததெல்லாம் கூட்டினால் 24,000. இந்த 2025 ஆகஸ்ட் வரை 18 மாதம், 1,80,000. வந்ததைக் கழித்தால் 1,56,000 பாக்கி. போன நவம்பரில் அதுவரை உள்ள 8 மாதத்துக்கு வசூல் பெட்டிஷன் போட்டிருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது, வாரண்ட் வரைக்கும் வந்துவிட்டது.

இப்போது ஓணம் லீவில் அவர் மாமாவையும் இன்னொரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 50,000 உடனே கையில் தருகிறேன், மீதியை மாதம் 3,000 வீதம் அடைக்கிறேன், பாக்கி அடையும் வரை மாதப் பணத்தை மட்டும் 6,000 ஆகக் குறைத்துக்கொள், கேஸை வாபஸ் வாங்கு என்கிறார். பெரியவர்கள் "இவ்வளவு இறங்கி வந்திருக்கான், ஒத்துக்கோம்மா" என்கிறார்கள். பெரியவளுக்கு ட்யூஷன் ஃபீஸ் நான்கு மாதம் நிற்கிறது, 50,000 என்றால் எனக்கும் மனசு தடுமாறுகிறது. ஒத்துக்கொண்டால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

தங்கச்சி, முதலில் ஒரு பேப்பரை எடுத்து அவர் சொன்னதைக் கூட்டிப் பாருங்கள். மாதப் பணம் 6,000, பாக்கிக்கு 3,000, மொத்தம் 9,000. கோர்ட் உத்தரவு 10,000. அதாவது பாக்கியை அடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, இன்றைக்குத் தர வேண்டியதைவிட 1,000 குறைவாகத் தரப்போகிறார். உத்தரவை யாரும் திருத்தாதவரை மாதம் 10,000 ஏறிக்கொண்டேதான் இருக்கும், 9,000 வந்தால் பாக்கி எப்படி அடையும்? 50,000 போக மீதி 1,06,000 அப்படியே நிற்கும், அதோடு மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கூடும். அவர் தரப்பில் இதைச் சலுகை என்று சொல்கிறார்கள், கணக்கில் பார்த்தால் பிள்ளைகள் பணத்தைக் குறைக்கும் ஏற்பாடு இது.

மாதத் தொகையைக் குறைக்க வேண்டும் என்றால் அதற்கென்று வழி இருக்கிறது. வருமானம் நிஜமாகவே குறைந்திருந்தால் அவரே கோர்ட்டில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146. அங்கே சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று காட்ட வேண்டி வரும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதிய பிரமாணப் பத்திரத்தை இரண்டு தரப்பும் தர வேண்டும் என்று விதித்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குறைக்கப் பார்க்கிறார். நீங்கள் தலையாட்டினால், "அவளே ஒத்துக்கொண்டாள்" என்று நாளைக்கு அதையே கோர்ட்டில் சொல்வார்.

தவணை கொடுப்பதில் தப்பே இல்லை, கோர்ட்டே பல கேஸில் தவணை கொடுத்துத்தான் வசூலிக்கிறது. ஆனால் நடப்பு மாதப் பணம் வேறு, பாக்கித் தவணை வேறு. இரண்டும் கலக்கவே கூடாது. 10,000 முழுதாக வர வேண்டும், அதற்கு மேலே வருவதுதான் தவணை. இந்த ஒன்றில் மட்டும் யார் வந்து சொன்னாலும் இறங்காதீர்கள்.

அப்புறம் வாபஸ். வாபஸ் வாங்கிவிட்டால் நாளைக்கு அவர் மூன்றாவது மாதமே நிறுத்தினாலும் நீங்கள் முதலிலிருந்து மனுப் போட்டு, நோட்டீஸ் அனுப்பி, அது எல்லையில் உள்ள வாளையாறு தாண்டிப் போய்த் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். கேஸ் அப்படியே நிற்கட்டும், தவணையை அந்தக் கேஸிலேயே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட மெமோவாகக் கொடுத்து நீதிபதி பதிவு செய்யட்டும். 50,000த்தையும் கோர்ட்டில் வைத்தே வாங்குங்கள், அல்லது உங்கள் அக்கவுண்டுக்குப் போட்ட ரசீதைக் கோர்ட்டில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் கையில் வாங்க வேண்டாம்.

சூலூர்க்காரன்:

நான் பணம் தரும் பக்கத்தில் இருப்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. எனக்கும் இப்படிப் பாக்கி சேர்ந்தது. வேலை பார்த்த மில் மூடிப்போய் சில மாதம் கூலி வேலைதான். கோர்ட்டில் தவணை கேட்டேன், கொடுத்தார்கள், போன வருஷம் முடித்துவிட்டேன். மகள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னிடம் வருகிறாள்.

குமாஸ்தா அண்ணன் சொன்ன கணக்கு சரி, 10,000 முழுதாக வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அக்கா, அதற்கு மேலே எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கேளுங்கள். லேத்தில் கை தேர்ந்தவர் என்றால் ஓவர்டைம் சேர்த்து 25,000 பக்கம் வாங்குவார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10,000 மாதப் பணம், ரூம் வாடகை, சாப்பாடு, வயசான அம்மா இருந்தால் அவருக்கு மருந்து. நீங்கள் கோபத்தில் தவணை 8,000 என்று நின்றால் அவரும் வாரண்ட் பயத்தில் சரி என்று கையெழுத்துப் போடுவார், இரண்டு மாதம் எங்காவது கடன் வாங்கிக் கட்டுவார், மூன்றாவது மாதம் போனை எடுக்க மாட்டார். தரக்கூடிய தொகையாக இருந்தால் ஓடும். எனக்கு நீதிபதி முதலில் சொன்ன தொகையை என்னால் கட்ட முடியாது என்று கைகூப்பிச் சொன்னேன், சம்பளச் சீட்டைக் காட்டினேன், குறைத்தார், அதனால்தான் ஒரு மாதம் தவறாமல் கட்ட முடிந்தது.

பட்டறை ஆட்களிடம் ஒன்று இருக்கிறது, தீபாவளி போனஸ். மாதத் தவணையைக் குறைவாக வைத்துவிட்டு, போனஸ் வரும்போது ஒரு பெரிய தொகை என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பணம் கைக்கு வந்து செலவாவதற்குள் வாங்கிவிடலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பாதிப் பேர் கடன் அடைப்பதே போனஸ் பணத்தில்தான்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

ரெண்டு பேருக்கும் நன்றி. 9,000 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, 50,000 என்ற எண்ணே கண்ணுக்குள் நின்றது.

நேற்று இரவு போனில் இதைச் சொன்னேன். 10,000 தர முடியாது, கேஸை நடத்து, ஒரு மாதம் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தால் உன் பாக்கி எல்லாம் தீர்ந்துவிடும், எனக்கு ஒரு வக்கீல் அப்படித்தான் சொன்னார் என்கிறார். அது உண்மையா? இன்னொன்று, போன வருஷம் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி, பெரியவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அதையும் பாக்கியில் கழிக்கச் சொல்கிறார்.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

ஜெயில் விஷயத்தில் பயப்படாதீர்கள். 1980களின் கடைசியிலேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஜெயில் என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழி, உள்ளே இருந்து வந்ததால் கடன் தீராது. வெளியே வந்த பிறகும் அதே பாக்கி நிற்கும், சொத்தையோ சம்பளத்தையோ ஜப்தி செய்யலாம். ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் விட்டுவைக்கச் சொல்கிறது. சாதாரணக் கடனுக்கு இவ்வளவு பிடிக்க முடியாது, சோற்றுப் பணம் என்பதால்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். பட்டறையில் சம்பளம் கையில் கொடுத்தால் இது கஷ்டம், ஆனால் அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள், இருந்தால் எங்கே வேலை, என்ன சம்பளம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. "வருமானமே இல்லை" என்ற பேச்சும் எடுபடாது, உடம்பில் தெம்புள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் அஞ்சு கார்க் வழக்கில் மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள்.

துணி, சைக்கிள் எல்லாம் அப்பா பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கித் தந்தது. உத்தரவு பணமாகத் தரச் சொல்கிறது. நீங்களாக ஒத்துக்கொண்டால் ஒழிய அதைப் பொதுவாகக் கழிக்க மாட்டார்கள். ஸ்கூல் ஃபீஸ் நேராகக் கட்டியிருந்தால் மட்டும் ரசீதைப் பார்த்துப் பேசலாம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு உறுத்தும் விஷயம். உங்கள் பெட்டிஷன் 2024 மார்ச் முதல் அக்டோபர் வரைக்கும்தான். நவம்பரிலிருந்து உள்ள 10 மாதத்துக்கு எந்த மனுவும் இல்லை. வாரண்ட் போட்டு வசூலிக்கும் இந்த வழிக்கு, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பர் 5இல் தர வேண்டிய 10,000த்துக்கு இந்த 2025 நவம்பர் 5 தாண்டக் கூடாது. பேச்சுவார்த்தை, பெரியவர்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு மாதமாகக் கையை விட்டு நழுவும். தாண்டினால் பணமே போய்விடும் என்று அர்த்தம் இல்லை, 2013இல் பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் அந்த ஒரு வருஷம் இந்த வழிக்கு மட்டும்தான், உரிமை அழியாது, சிவில் வழியில் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கையில் இருக்கும் சுலபமான வழியை விட்டுவிட்டு எதற்கு இன்னொரு கேஸ்? பேச்சு பேச்சாக நடக்கட்டும், இந்த மாதமே அந்த 10 மாதத்துக்கும் மனுவைப் போட்டுவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், மனு இருந்தால்தான் தவணைக்கே மரியாதை.

சித்தூர் சேச்சி:

இப்போதுதான் பார்த்தேன். நானும் இதே பாலக்காட்டில் இதே போலத் தவணை எழுதி வாங்கியவள்தான், என் கேஸ் முடிந்துவிட்டது. சட்டம் அந்த அண்ணன் சொல்லிவிட்டார், நான் கையெழுத்துப் போடும் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாம் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், மலையாளம் பேசினால் புரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்வோம், ஆனால் கோர்ட் மலையாளம் வேறு. மெமோ மலையாளத்திலோ இங்கிலீஷிலோதான் இருக்கும். எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், "இவிடெ ஒப்பிட்டோளு" (இங்கே கையெழுத்துப் போடுங்கள்) என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். போடாதீர்கள். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடமோ உங்கள் வக்கீலிடமோ ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன், ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு வந்த காகிதத்தில் "எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன" என்று ஒரு வரி இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னதால்தான் தெரிந்தது, அதை வெட்டிவிட்டு "பாக்கி முழுவதும் வந்து சேர்ந்த பிறகு" என்று எழுத வைத்தோம். அந்த ஒரு வரி போயிருந்தால் மீதிப் பணத்தைக் கேட்கவே வாய் இருந்திருக்காது.

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு மனசு இளகாதீர்கள் தங்கச்சி. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வருகிறார்கள், ஆனால் உங்கள் மகள் ட்யூஷன் ஃபீஸுக்கு நிற்கும்போது அவர்கள் யாரும் வரப்போவதில்லை. அதோடு இது உங்கள் பணமே இல்லை, பிள்ளைகள் பணம். உங்களுக்கு வர வேண்டியது என்றால் போகட்டும் என்று நீங்கள் விடலாம், பிள்ளைகளுக்கு உள்ளதை அம்மா எழுதிக்கொடுத்தாலும் அது அவர்களைக் கட்டாது என்று எனக்கு கவுன்சிலரே சொன்னார். மாமனாரிடம் நான் இதை மட்டும்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன், வேறு எதுவும் பேசவில்லை. அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் யோசிக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12ஆம் பிரிவு. தாலுகா சட்டப் பணிக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் போட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

நேற்று கவுன்சிலர் முன்னால் பேசினோம். அவரும் வந்தார். சேச்சி சொன்னது போல "இது பிள்ளைகள் பணம், இதில் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் போட்டார், அப்புறம் கவுன்சிலர் சம்பள விவரம் கேட்டதும் இறங்கினார். 24,000 சம்பளம் என்று அவர் வாயாலேயே வந்தது, ஓவர்டைம் தனி. பெரியவள் படிப்பைப் பற்றி அவராகவே கேட்டார், அதுவும் நடந்தது.

இப்படிப் பேசியிருக்கிறோம். 50,000 அடுத்த வாய்தா அன்று கோர்ட்டில். மாதப் பணம் 10,000 குறையாமல் 5ஆம் தேதி. பாக்கிக்கு மாதம் 3,000, அது 15ஆம் தேதி தனியாக. இந்தத் தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் போனஸில் 15,000, 15,000. அப்படியென்றால் 1,06,000இல் 30,000 போக 76,000, 25 மாதம் 3,000, கடைசியில் ஒரு 1,000. சூலூர் அண்ணன் சொன்ன மாதிரி தவணையை நான் 3,000க்கு மேலே கேட்கவில்லை. அந்த 10 மாத மனுவையும் போன திங்கட்கிழமை போட்டாகிவிட்டது. மெமோ எழுதுவதற்கு முன்னால் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். லோக் அதாலத்தில் (சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) வைத்து முடிக்கலாம் என்று அவர் வக்கீல் சொல்கிறார், சம்மதிக்கலாமா?

சூலூர்க்காரன்:

நல்ல ஏற்பாடு அக்கா. தேதியைப் பிரித்தது ரொம்ப நல்லது, ஒரே நாளில் 13,000 என்றால் அவருக்கும் கஷ்டம், எது எதற்கு என்று உங்களுக்கும் குழப்பம். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் "அக்டோபர் மாதப் பணம்", "பாக்கித் தவணை 1" என்று எழுதச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன், கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய்க்குக்கூடச் சண்டை வரவில்லை.

வக்கீல் குமாஸ்தா, பாலக்காடு:

கணக்குச் சரியாக இருக்கிறது. மூன்று விஷயம் சேர்க்க வேண்டும். ஒன்று, 2025 ஆகஸ்ட் 31 வரை பாக்கி 1,56,000 என்று அவர் ஒத்துக்கொண்டதாக ஒரு வரி, இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்துத் தொகையையே மறுப்பார். செப்டம்பர்ப் பணம் இன்னும் வராவிட்டால் அதையும் தனியாக எழுதிவிடுங்கள், அது இந்தக் கணக்கில் இல்லை. ரெண்டு, மாதப் பணமோ தவணையோ எது ஒன்று தவறினாலும் மீதிப் பாக்கி மொத்தமும் உடனே கேட்கலாம், அதே பெட்டிஷனில் வாரண்ட் தொடரும் என்று. இதை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக அலைய வேண்டி வரும். மூணு, 2023 உத்தரவு மாறவில்லை, அப்படியே நடைமுறையில் இருக்கும் என்று.

லோக் அதாலத்தில் முடித்தால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, சிவில் கோர்ட் டிக்ரி போல நிறைவேற்றலாம். அது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் இனி மாற்ற முடியாது. ஆனால் உங்களுக்கும் மாற்ற முடியாது என்பதால் இந்த மூன்று வரியும் அதில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். "பழைய கேஸ் முடிந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வந்தால் கையெழுத்துப் போடாமல் காகிதத்தோடு உங்கள் வக்கீலிடம் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்று, அவர் கோயம்புத்தூரில் இருப்பதால் நாளைக்குத் தவறினால் பாலக்காட்டிலிருந்துதான் துரத்த வேண்டும் என்பதில்லை. அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்ட்ரேட்டிடமும் இந்த உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம், பழைய சட்டத்தில் 128ஆம் பிரிவு, இப்போது 147. அதற்கு உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். மெமோ பதிவான அன்றே அதற்கும் சேர்த்து ரெண்டு நகலுக்கு அப்ளிகேஷன் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.